மழவன் மகளும் மார்க் ட்வைன் மகளும்

வீட்டுக்கு வீடு குளியலறை ஏற்படாத காலத்தில், மடத்துக்குளத்திலும் அதன் மேற்கும் கிழக்குமாக ஆற்றை ஒட்டிக் கிடக்கும் கொழுமம், கடத்தூர் முதலான ஊர்களிலும், வலிப்புக் கண்ட பெண்ணைத் தனியே அமராவதிக்கு அனுப்புவதில்லை என்பது எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எல்லாரும் அனுசரித்த ஒரு விதியாக இருந்தது. துணைக்கு ஒரு பாட்டியோ அத்தையோ போகவேண்டும். முழங்காலளவு நீருக்கு மேல் அவள் இறங்கக்கூடாது. கிணற்றில் நீர் சேந்தக்கூடாது. விறகடுப்பின் முன் அவளை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் எழுந்து போகக்கூடாது. என் பால்யத்தில் எங்கள் வீதியில் இருந்த ஓர் அத்தை, தன் முந்தானையையும் தன் தாயாரின் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவாள். குளித்துக் கரையேறிய பிறகும், ஈரம் சொட்டச் சொட்ட, அந்த முடிச்சை அவிழ்க்காமலே இருவரும் வீடு வந்து சேர்வார்கள். வேடிக்கை பார்த்த எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகத் தோன்றிற்றேயன்றி, நீருக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு பெண்ணை நாற்பது வருஷம் உயிரோடு வைத்திருந்த சாமர்த்தியமாகத் தோன்றவில்லை.

இவ்விதியோடு சேர்ந்து வந்த வேறு பழக்கங்களைப் பற்றி எனக்கு அத்தனை மரியாதை கிடையாது. வலிப்பு வந்தவுடன் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும் என்பது இன்றளவும் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் கண்கூடாகக் காணும் வழக்கம். சாவிக்கொத்து அகப்படாவிட்டால் கத்தி, கத்தியும் இல்லாவிட்டால் கூடியிருப்பவர்களில் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் ஸ்பேனர். பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிஷத்தில் தாமாகவே அடங்கிவிடும் ஸ்வபாவமுடையவை. அந்த இரண்டொரு நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் இரும்பைத் தேடி எடுத்துவந்து விரல்களுக்கிடையே திணித்துவிடுவதால், அடங்கியதன் கீர்த்தி முழுவதும் சாவிக்கொத்துக்குப் போய்ச் சேருகிறது. வெங்காயத்தை நசுக்கி முகரவைப்பதும், பல்லைப் பிளந்து கரண்டியைச் செருகுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. முன்னதால் நன்மையில்லை, பின்னதால் பல்லும் தாடையும் போனவர்கள் உண்டு.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது மூன்றாவதாகிய ஒரு வழக்கத்தைப் பற்றி. அது நீர்க்கரையில் துணை நிற்பதைப் போலப் புத்திசாலித்தனமானதுமன்று, சாவிக்கொத்தைப் போலத் தீங்கற்றதுமன்று. நோயுற்ற பெண்ணை வீட்டை விட்டு வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவது, அல்லது வீட்டிலேயே பின்கட்டில் பிறர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது என்பதே அது. இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் அந்தப் பெண்ணிடம் உயிரையே வைத்திருந்த தகப்பன்மார்கள்தாம். காப்பாற்றுவதும் அகற்றுவதும் ஒரே கையால் நடந்தன என்பதுதான் இதன் சரித்திரத்தைக் கஷ்டமாக்குகிறது.

தமிழில் இந்தச் சரித்திரத்தின் மிகப் பழைய ஏடு திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரியின் வடகரையில் உள்ள திருவாசியில் கிடைக்கிறது. திருப்பாச்சிலாச்சிராமம் என்பது அதன் பழம்பெயர். கொல்லிமலைப் பக்கத்துக்கு அதிபனாகிய கொல்லி மழவனுடைய மகளுக்கு முயலகன் என்னும் நோய் பற்றியதென்றும், எந்தச் சிகிச்சையும் பலிக்காமற் போகவே அவன் அவளைக் கொண்டுவந்து திருக்கோயிலில் இறைவன் சந்நிதியில் கிடத்திவிட்டானென்றும், அத்தருணத்தில் திருஞானசம்பந்தர் அவ்வூருக்கு எழுந்தருள, மழவன் அவர் திருவடியில் வீழ்ந்து முறையிட, அவர் பாடிய பதிகத்தால் அவள் நோய் நீங்கி எழுந்து தந்தையின் பக்கத்தில் வந்து நின்றாளென்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெரிய புராணத்தில் கூறுகிறார். ஆடவல்லானுடைய திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனே நோயாக வந்து மக்களைப் பற்றுகிறான் என்பது அக்காலத்து நம்பிக்கை. திருவாசிக் கோயிலில் அந்த முயலகனைக் காணாமல், நடராஜர் ஒரு பாம்பின்மேல் ஆடுவதாக அமைத்திருப்பதை, அவன் அவ்வூரிலிருந்து ஓட்டப்பட்டதற்குச் சான்றாக அங்குள்ளவர்கள் இன்றும் காட்டுகிறார்கள். சம்பந்தர் அங்கிருந்து கொங்குநாட்டுக்குள் வந்தார். ஆகவே இக்கதையைக் கொங்குநாட்டார் தங்கள் வாசற்படியில் நடந்ததாகவே சொல்லிக்கொள்வது வழக்கம்.

பக்தியோடு படிப்பவர்கள் கதையின் முடிவிலே நிற்கிறார்கள். நான் அதன் ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறேன். வைத்தியர் எல்லாரும் கைவிட்ட பிறகு, அரண்மனையும் பணிப்பெண்களும் உடைய ஒரு சிற்றரசன் தன் பெண்ணை ஒரு கோயிலில் கொண்டுபோய்க் கிடத்துகிறான். நம்பிக்கையினால் செய்தானா, இனித் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதனால் செய்தானா என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது, அவனாலேயே ஆகியிராது. அதே காவிரிக்கரையில், திருவாசிக்குச் சற்று மேற்கே உள்ள குணசீலத்தில், சித்தம் கலங்கியவர்களை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பெருமாள் சந்நிதியில் தங்கவைக்கும் வழக்கம் இன்றும் நடந்துவருகிறது. மழவன் செய்தது அவனோடு முடிந்துவிடவில்லை. ஆனால் கிடத்தப்பட்டவள் என்ன நினைத்தாள் என்பதை அறிய நமக்கு வழியில்லை. சேக்கிழார் அவள் அழகைச் சொல்கிறார். அவள் பெயரைச் சொல்லவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் வகையில், நினைத்ததையெல்லாம் தினக்குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு பெண் அமெரிக்காவில் இருந்தாள். உலகத்தையே சிரிக்கவைத்த மார்க் ட்வைன் என்ற சாமுவேல் கிளெமன்ஸின் கடைசி மகள் அவள். 1880 ஜூலை 26 அன்று நியூயார்க் மாகாணத்து எல்மைராவில் பிறந்தாள். பாட்டியின் பெயராகிய ஜேன் லாம்ப்டன் என்பதையே இட்டு, ஜீன் என்று அழைத்தார்கள். மூத்தவள் சூசி, அடுத்தவள் கிளாரா. சிறுமியாக இருக்கையில் ஜீன் கலகலப்பானவள்; எட்டொன்பது வயதில் தலையில் பட்ட ஓர் அடிக்குப் பிறகு அவள் குணம் மாறத் தொடங்கிற்று என்று தகப்பனார் பிற்காலத்தில் நம்பினார்.

இந்தக் குடும்பத்தின் கதை தமிழ்நாட்டுக் கரையையும் ஒருமுறை தொட்டுச் சென்றிருக்கிறது. அச்செழுத்துக் கோக்கும் யந்திரம் ஒன்றில் பணத்தையெல்லாம் போட்டு இழந்து, 1894-இல் தம் பதிப்பகமும் திவாலாகிப்போகவே, கடனை அடைப்பதற்காக ட்வைன் 1895 ஜூலையில் உலகைச் சுற்றிச் சொற்பொழிவுப் பிரயாணம் புறப்பட்டார். மனைவி ஒலிவியாவும் கிளாராவும் உடன் போனார்கள். சூசியும் ஜீனும் எல்மைராவில் பெரியம்மாள் வீட்டில் விடப்பட்டார்கள். 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, அங்குள்ள மக்களின் உடைகளில் கண்ட வர்ணங்களைப் பார்த்து மயங்கிப்போய், பிறகு பம்பாய், காசி, கல்கத்தா, டார்ஜிலிங் என்று வடக்கெல்லாம் சுற்றி, மார்ச் மாதக் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறிச் சென்னையில் ஒரு நாள் நின்று, மறுபடி இலங்கைக்குப் போய், அங்கிருந்து மொரீஷியஸ் தீவுக்குச் சென்றார். பதினைந்து வயதான ஜீனுக்கு முதற் பெருவலிப்பு வந்தது பெற்றோர் கடல் கடந்திருந்த அந்த 1896-ஆம் ஆண்டில்தான். அதே வருஷம் ஆகஸ்ட் 18 அன்று சூசி மூளையுறைக் காய்ச்சலால் இறந்தாள். அவள் நோயுற்ற தகவல் கேட்டுத் தாயும் கிளாராவும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நடுக்கடலில் இருக்கும்போதே அது நடந்து முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் தங்கியிருந்த தகப்பனாருக்குத் தந்திதான் வந்தது. மூத்த மகளின் சாவுக்கும் இளைய மகளின் வியாதிக்கும் அருகில் இல்லாமற்போன குற்றவுணர்ச்சி அதன் பிறகு அவரை விடவில்லை.

அன்றைய வைத்தியம் அறிந்த மருந்து ஒன்றே ஒன்று: சர் சார்லஸ் லோகாக் என்ற ஆங்கில வைத்தியர் 1857-இல் வலிப்புக்குப் பயன்படுமென்று அறிவித்த புரோமைடு உப்பு. அது வலிப்பைச் சற்றுக் குறைக்கும். கூடவே முகமெல்லாம் பருக்களை எழுப்பும், புத்தியை மந்தப்படுத்தும், நாள் முழுவதும் தூக்கத்தில் ஆழ்த்தும். இதைப் பெற்றோர் எவ்வளவு நாள் சகிப்பார்கள்? 1899-இல் ஸ்வீடன் தேசத்தில் சானா என்ற ஊரில் உடலைப் பிடித்துத் தடவிக் குணப்படுத்துகிறார் என்று பெயர்பெற்ற கெல்கிரன் என்பவரிடம் ஜீனை அழைத்துக்கொண்டு குடும்பமே போயிற்று. லண்டனிலும் அவருடைய சிகிச்சை தொடர்ந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பியபின் அதே வகை வைத்தியர்களைத் தேடிப் பிடித்ததோடல்லாமல், அவர்களுக்கு அனுமதி வழங்கவேண்டுமென்று 1901 பிப்ரவரியில் ஆல்பனி சட்டசபைக் குழுவின் முன் ட்வைன் போய்ச் சாட்சியும் சொன்னார். போலிச் சாமியார்களையும் புரட்டு வைத்தியத்தையும் எழுத்திலே அவரைப்போல் கிழித்தவர்கள் குறைவு. தம் பெண்ணுக்கு வியாதி என்று வந்தபோது, பழனி மலையடிவாரத்திலிருந்து கேரளத்து மாந்திரீகன் வரை அலையும் நம்மூர்க் குடியானவனுக்கும் அவருக்கும் வித்தியாசமில்லாமற் போய்விட்டது. இதில் பரிகசிக்க ஒன்றுமில்லை.

ஜீன் அப்படியொன்றும் கட்டிலோடு கிடந்தவள் அல்லள். தகப்பனாரின் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுப்பதற்காக டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். மரத்திலே சித்திரவேலை செய்தாள். பிராணிகளிடத்தில் அவளுக்கிருந்த பரிவு சாதாரணமானதன்று, பாம்பைக்கூட அடிக்கவிடாள். ஜீவகாருண்ய சங்கங்களை ஏற்படுத்துவதிலும் முன்னின்றாள். குதிரையேற்றத்தில் அவளுக்குத் தணியாத ஆசை. 1904 ஜூன் 5 அன்று பிளாரன்ஸ் நகரில் தாயார் ஒலிவியா இறந்து, துக்கத்தோடு ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள், மாசசூசெட்ஸில் நிலவொளியில் சவாரி போனபோது அவள் குதிரை டிராம் வண்டியில் மோதி மாண்டது. அவள் அடிபட்டுப் பிழைத்தாள். குணமானதும் மறுபடி குதிரை ஏறினாள். நோயாளி என்ற உடனே நம் மனம் ஒரு பாயையும் தலையணையையும் கற்பனை செய்துகொள்கிறது. ஜீனைக் கற்பனை செய்ய ஒரு குதிரை வேண்டும்.

தாயார் இருந்தவரையில் ஜீனுடைய வியாதி வீட்டின் காரியமாக இருந்தது. அவள் போனபின் அது வைத்தியருடைய காரியமாகவும் காரியதரிசியுடைய காரியமாகவும் மாறிற்று. 1902 முதல் ட்வைனிடம் வேலைபார்த்து வந்த இசபெல் லயன் என்ற அம்மாள் நாளடைவில் வீட்டு நிர்வாகம் முழுவதையும் கைக்கொண்டாள். வலிப்புக்காரர்கள் குரூர குணம் உடையவர்கள், எந்த நிமிஷத்திலும் பிறரைத் தாக்கக்கூடியவர்கள் என்று அக்காலத்து வைத்திய நூல்களே கூசாமல் எழுதின. ஜீன் கோபத்தில் வேலைக்காரி கேட்டி லியரியை அடித்ததாகவும் கொல்லவே முயன்றதாகவும் இசபெல் லயன் தன் குறிப்புகளில் எழுதிவைத்தாள். அந்தக் கேட்டி லியரியோ கடைசிவரை அந்தக் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் இருந்தவள் என்பதை வாசகர்கள் சற்றே மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நியூயார்க்கில் வலிப்பு வைத்தியத்துக்கென்றே பிரசித்தி பெற்றிருந்தவர் டாக்டர் பிரெடரிக் பீட்டர்சன். வலிப்புக்காரர்களை ஊருக்குப் புறம்பே தனியாகக் குடியமர்த்தி, விவசாயமும் கைத்தொழிலும் செய்வித்து, உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்தினால் குணம் காணலாம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின் வடிவமாக 1896-இல் சோனியா என்ற இடத்தில் திறக்கப்பட்ட கிரெய்க் காலனியை ஏற்படுத்துவதில் அவர் முதல்வராக இருந்தார். அவர் சொற்படி 1906 அக்டோபர் 25 அன்று ஜீன் கட்டோனா என்ற ஊரிலிருந்த ஆரோக்கிய விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது 26.

கட்டோனாவில் எழுதப்பட்ட தினக்குறிப்புகள் அவள் சரித்திரத்தை எழுதியவர்களுக்கு மூலமாக அமைந்தன. அவற்றில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. வேளாவேளைக்கு உணவு, நடை, மரவேலை, மற்ற நோயாளிகளின் சண்டை, தபால் வரும் நேரம். தான் வீட்டுக்குத் திரும்பவேண்டுமென்ற ஏக்கமும், தன்னை ஒருவன் விரும்பி மணப்பானா என்ற கேள்வியும் மாறி மாறி வருகின்றன. விடுதிக்குப் போவதற்கு முந்தின கோடையில், நியூ ஹாம்ப்ஷரில் பக்கத்து வீட்டு ஓவியரின் மகனிடம் அவள் மனம் சென்றிருந்தது. அவனுக்குத் தன்மேல் அப்படியொரு எண்ணமில்லை என்பதை அவளே கண்டுகொண்டு, அதற்காக அவனைக் குறைசொல்லாமல் எழுதுகிறாள். தன் நோயை ஒளிக்காமல், அழுகையும் கோபமும் தலைகாட்டிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அன்று பார்த்த பறவையை வர்ணிக்கும் இந்தப் பெண்ணைத்தான் ஆபத்தானவள் என்று ஊருக்கு வெளியே வைத்தார்கள். அரசினரின் காலனியைப்போல் அன்றி, விடுதி வசதியானதுதான். கொடுமை ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான்: திரும்பி வரலாமா என்று கேட்கும்போதெல்லாம், டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை என்ற பதில் வந்துகொண்டிருந்தது.

தகப்பனார் அக்காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? 1907-இல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று கௌரவப் பட்டம் பெற்றார். வெள்ளை உடுப்பில் உலாவினார். பெர்முடாவுக்குப் போய்வந்தார். 1908-இல் கனெக்டிகட் மாகாணத்து ரெட்டிங்கில் புது மாளிகை கட்டிக் குடியேறி, அதற்கு ஸ்டார்ம்ஃபீல்ட் என்று பெயரிட்டார். பேத்திமார் இல்லாத குறைக்குப் பிறர் வீட்டுச் சிறுமிகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, அவர்களை விருந்தாளிகளாக அழைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார். சொந்தப் பெண்ணோ கட்டோனாவிலிருந்து கிரீனிச்சுக்கும், அங்கிருந்து கிளஸ்டருக்கும், அங்கிருந்து 1908 செப்டம்பரில் பெர்லின் நகரத்து வைத்தியரிடமும் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தாள். பெர்லினில் அவள் சந்தோஷமாக இருக்கத் தொடங்கிய சமயத்தில், டாக்டர் பீட்டர்சனின் யோசனைப்படி திரும்பி வரும்படி உத்தரவு போயிற்று. வந்தவளை வீட்டில் சேர்க்காமல் மறுபடி வேறிடத்தில் வைத்தார்கள்.

1909 வசந்தத்தில் இசபெல் லயனும், அவளை மணந்துகொண்ட ட்வைனின் மற்றொரு உத்தியோகஸ்தரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களே தம் மகளைத் தம்மிடமிருந்து பிரித்துவைத்தார்கள் என்று, நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நீண்ட குற்றப்பத்திரிகையை அக்கிழவர் எழுதித் தள்ளினார். அதில் உண்மை இருக்கலாம். சரித்திராசிரியர்கள் இரு கட்சியாக நின்று இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. காரியதரிசி கதவை அடைத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து ரயிலேறிச் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இருந்த மகளை அடிக்கடி போய்ப் பாராதிருக்க அவரை யார் கட்டி வைத்தார்கள்? வலிப்பு வரும் முகத்தைக் காணும் துணிவு அவருக்கில்லை. காணாமலிருக்க ஒரு டாக்டரும் ஒரு காரியதரிசியும் நியாயம் தேடிக்கொடுத்தார்கள். மழவனுக்கு மற்றொரு வழி தோன்றவில்லை. இவருக்கு மற்றொரு வழி வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஜீன் பரீட்சையாக ஸ்டார்ம்ஃபீல்டுக்கு வந்தாள், வந்தவள் தங்கிவிட்டாள். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் வீட்டு நிர்வாகத்தையும் தகப்பனாரின் கடிதப் போக்குவரத்தையும் அவளே ஏற்றாள். நாள்தோறும் குதிரையேறிப் போய்த் தபால் வாங்கிவந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று வாங்கிக்கொடுத்த பழைய பண்ணையில் கோழியும் வாத்தும் வளர்த்தாள். பெர்லினிலிருந்து கொண்டுவந்த பெரிய நாய் ஒன்று, ஜெர்மன் பாஷையில் சொன்னால் மட்டுமே கேட்பது, அவளைத் தொடர்ந்து திரிந்தது. அக்டோபரில் கிளாராவுக்கு அந்த வீட்டிலேயே விவாகம் நடந்து, அவள் ஐரோப்பாவுக்குப் போனபின், தகப்பனும் மகளும் மட்டும் எஞ்சினார்கள். அவள் இத்தனை கெட்டிக்காரி என்பதை அப்போதுதான் அறிந்ததாக அவர் பின்னால் எழுதினார். இருபத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றி ஒரு தகப்பனார் கண்ட புதுச் செய்தி அது.

டிசம்பர் 23 இரவு, சாப்பாட்டு மேஜையிலிருந்து இருவரும் கைகோத்தபடி நூலக அறைக்குச் சென்று ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிரியும்போது, தனக்கு ஜலதோஷமாகையால் முத்தமிட முடியாதென்று அவள் சொல்ல, அவர் குனிந்து அவள் கையை முத்தமிட்டார். அவளும் அவர் கையை முத்தமிட்டாள். மறுநாட்காலை ஏழரை மணிக்குக் கேட்டி லியரி அவர் அறைக்குள் வந்து நின்று, ஜீன் இறந்துவிட்டாள் என்றாள். குளியல் தொட்டியில் இருக்கையில் வலிப்பு வந்து, உதவிக்கு ஆள் வருமுன் உயிர் போயிருந்தது. மடத்துக்குளத்துப் பாட்டிமார்கள் முந்தானை முடிச்சினால் செய்த காரியத்தைச் செய்ய, வலிப்புச் சாஸ்திரத்தின் மேதைகள் பத்து வருஷமாகச் சூழ்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் காலையில் ஆள் இல்லாமற் போயிற்று.

வீடு முழுவதும் அவள் கட்டிவைத்திருந்த கிறிஸ்துமஸ் பரிசுகள் கிடந்தன. தகப்பனாருக்காக அவள் மறைத்து வைத்திருந்தது ஒரு பெரிய பூகோள உருண்டை. வெகுகாலமாக அவர் வேண்டுமென்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பொருள். உலகைச் சுற்ற அவளை விட்டுவிட்டுப் போனவருக்கு அவள் கொடுத்துப் போன பரிசு அது என்பதை அவர் குறிப்பிடவில்லை. கண்ணீரில் அது தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறார். உடலை எல்மைராவுக்குக் கொண்டுபோனபோது அவர் உடன் செல்லவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஜீனுடைய மரணத்தைப் பற்றி எழுதினார். 1911-இல், அவர் காலமான பிறகு, ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் அது வெளிவந்தது. அந்நியர் கையில் சாகாமல் சொந்த வீட்டில் இறந்தாளே என்று அதில் அவர் ஆறுதல் அடைகிறார். அதுவரை அந்நியர் கையில் இருந்த இரண்டரை வருஷத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1910 ஏப்ரல் 21 அன்று அவரும் இறந்தார். அதற்குமுன் ஜீனுடைய பண்ணையை விற்ற பணத்தை ரெட்டிங் ஊர் நூலகக் கட்டடத்துக்கு அவள் பெயரால் கொடுத்துவிட்டார்.

பீனோபார்பிடால் என்னும் மருந்து வலிப்பை அடக்குமென்று ஜெர்மனியில் ஆல்பிரட் ஹவுப்ட்மன் கண்டறிந்தது 1912-இல். மூன்று வருஷம் பிந்திவிட்டது. கார்டினால் மாத்திரை என்ற பெயரில் அதுவே நம்மூர் மருந்துக்கடைகளிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தது. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார்; 1938-இல் பெனிடாயின் வந்தது; மாண்ட்ரியாலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1952-இல் இந்தியாவின் முதல் வலிப்பு அறுவைச் சிகிச்சையைச் செய்தார். நம் தேசத்தில் வலிப்புக்குப் பெரியதொரு காரணம் நாடாப்புழுவின் முட்டை கழுவாத கை வழியாகவும் காய்கறி வழியாகவும் உடலுக்குள் போய் மூளையில் தங்குவது என்பதும், மாமிசத்தைத் தொடாதவர்களையும் அது விடாதென்பதும் தெரியவந்தன. ஒழுங்காக மருந்து உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. முயலகன் இவ்வாறு ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டிருக்கையில், சட்டம் என்ன செய்தது என்பதுதான் விசித்திரம்.

ஜீன் தன்னை யாராவது மணப்பார்களா என்று தினக்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தாளே, அவள் கடைசியாக வாழ்ந்த கனெக்டிகட் மாகாணம் 1895-ஆம் ஆண்டிலேயே, வலிப்புள்ளவர்கள், பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதாகும்வரை, விவாகம் செய்துகொள்வதைக் குற்றமாக்கியிருந்தது. வேறு மாகாணங்களும் அதைப் பின்பற்றின. இங்கிலாந்து 1937-இல் வலிப்பை விவாகத்தைச் செல்லாததாக்குவதற்கு ஒரு காரணமாகச் சேர்த்து, 1970-ஐ ஒட்டி அதைக் கைவிட்டது. 1955-ஆம் ஆண்டு ஹிந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு என்ற சொல்லே கிடையாது. இங்கிலாந்து கைவிட்ட சரக்கை நாம் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துச் சேர்த்துக்கொண்டோம். பைத்தியமும் வலிப்பும் ஒரே வரியில், ஒரே தராசில். மருந்து கையில் இருந்த காலத்தில், அரை நூற்றாண்டுக்கு முந்திய அச்சத்தைப் புதிதாக அச்சிட்டோம். வலிப்பு வைத்தியர்களும் நோயுற்றோர் சார்பில் பேசியவர்களும் இடைவிடாமல் வற்புறுத்தியதன் பேரில் 1999-இல் அச்சொல் நீக்கப்பட்டது.

நீக்கப்பட்ட செய்தி கொங்குநாட்டுக் கல்யாணத் தரகர்களுக்கு இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை. சம்பந்தம் பேசுமுன் பெண்ணின் ஊருக்கு ரகசியமாக ஆள் அனுப்பி டீக்கடையில் விசாரிப்பது பழைய வழக்கம். காதும் காதும் வைத்தாற்போல் கேட்கப்படும் கேள்விகளில் வலிப்பு இன்றும் முன்வரிசையில்தான் நிற்கிறது. அதனால் பெண் வீட்டார் மறைக்கிறார்கள். மறைத்து மணம் முடித்த பெண், புகுந்த வீட்டில் மாமியார் கண்ணில் பட்டுவிடுமே என்று மாத்திரையை நிறுத்துகிறாள். மாத்திரை நின்ற சில நாளில் வலிப்பு திரும்புகிறது. ஏமாற்றி மணம் முடித்தார்களென்று வழக்கு நீதிமன்றம் ஏறுகிறது, அங்கே ஒரு நீதிபதி ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் தீர்ப்புச் சொல்கிறார். ஆலைகளில் விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பெண்களிடத்திலும் இதே மறைப்பு உண்டு; சுழலும் யந்திரத்தின் முன் நிற்பவள் வேலை போய்விடுமென்று நோயைச் சொல்வதில்லை. இத்தனைக்கும் நடுவில், மாப்பிள்ளை வீட்டாரிடம் முதற்பேச்சிலேயே, பெண்ணை அருகில் வைத்துக்கொண்டே, இவளுக்கு இன்ன நோய், இன்ன மாத்திரை, கடைசியாக வந்து இத்தனை வருஷமாயிற்று என்று சொல்லிவிடுகிற தகப்பன்மார் சிலரை இப்போது இந்தப் பக்கத்தில் பார்க்கிறேன். அதைக் கேட்டு எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு. டாக்டரின் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, மறுவாரம் நாள் குறிக்க வருகிறவர்களும் உண்டு.